மழலையர் விழாவுக்கு என்ன பாட்டு?

கேள்வி: மழலையர் பள்ளியை முடிக்கும் என் வகுப்புக் குழந்தைகள் 20 பேருக்குப் பட்டமளிப்பு விழா. பெற்றோர் கண் கலங்குகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்கிறார் தலைமை ஆசிரியை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அழவைக்கவே எழுதின சோகப் பாட்டை முதலில் ஒதுக்கிவையுங்கள். பிரிவு, கண்ணீர் என்று பெரியவர்கள் உருகும் வரிகள் 5 வயதுக்குப் புரியாது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டது, பென்சில் பிடித்தது, பக்கத்தில் உட்கார்ந்தவனோடு சண்டை போட்டுச் சேர்ந்தது என்று அவர்களுடைய சங்கதி வருகிற பாட்டாகப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பாடினாலும் அம்மா அப்பா கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அப்புறம் சுருதி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இந்த வயதுக் குரல் ஐந்தாறு சுரங்களுக்குள்தான் சிரமமில்லாமல் ஓடும், மேலே போனால் கத்தல், கீழே போனால் முணுமுணுப்பு. பெரியவர்கள் குரலுக்குப் போட்ட கரோக்கியை, அதிலும் ஆண் குரலுக்குப் போட்டதை, அப்படியே ஓடவிடாதீர்கள். கைப்பேசிச் செயலியிலேயே சுருதியை ஏற்றி இறக்கலாம். நீளம் 2 நிமிடம் போதும். சரணத்தை நீங்கள் பாடுங்கள், பல்லவியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மேடையேறியதும் நாலு பேர் வாயே திறக்க மாட்டார்கள், ஒருத்தி அம்மாவுக்குக் கையாட்டிக்கொண்டே நிற்பாள். திருத்தப் போகாதீர்கள், அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நீங்கள் மட்டும் ஒத்திகையிலேயே அழுது முடித்துவிடுங்கள், அன்றைக்கு முதல் வரியை எடுத்துக்கொடுக்க உங்கள் குரல் வேண்டும்.