கூட்டுக் குடியிருப்பு: எந்தப் பெயரில் பதிவது?

கன்னங்குறிச்சி வாசகர்: பத்துக் குடும்பங்கள் நிலம் வாங்கி, தனி வீடுகளும் பொதுச் சமையற்கூடமும் அமைக்க விரும்புகிறோம். பத்துப் பெயரிலும் ஒரே கிரயப் பத்திரம் போதாதா?

பதில்: போதாது. கூட்டுப் பாகஸ்தர் எவரும் பாகப் பிரிவினை கோரி வழக்குத் தொடுக்கலாம். நிலத்தைத் துண்டாடுவது உகந்ததன்று என்று நீதிமன்றம் கருதி, பாதிக்குக் குறையாத பாகம் உடையவர்களும் கேட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டப்படி முழு நிலத்தையும் விற்க உத்தரவிட முடியும். ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் அனைவரும் பாகஸ்தர்களாவார்கள். ஆகவே எந்த வடிவமானாலும், விலகுபவரின் பங்கை யார், என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்குள் வாங்குவது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை வாசகர்: சங்கமாகப் பதியலாமா?

பதில்: 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் சங்கச் சொத்தில் உறுப்பினருக்குத் தனிப் பங்கு கிடையாது. பொது இடத்தைப் பராமரிக்க அது ஏற்றது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வைக்க ஏற்றதன்று. அதற்குப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியையே பரிந்துரைப்பேன்: பங்கை வெளியாருக்கு விற்பதை அதன் நடைமுறை விதிகளிலேயே கட்டுப்படுத்தலாம்.

ஓமலூர் வாசகர்: கம்பெனியில் பணம் அதிகம் போட்டவர் கை ஓங்கும். ஆளுக்கொரு வாக்கு உள்ள கூட்டுறவுச் சங்கமே நியாயமானது.

பதில்: கொள்கையளவில் உங்கள் பக்கமே நிற்கிறேன். ஆயினும் 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்கு அளிக்கிறது. கம்பெனியிலும் குடும்பத்துக்கு ஒரு பங்கென்று வைக்கலாமே.

ஓமலூர் வாசகர்: முக்கால் பங்கு வாக்கிருந்தால் அந்த விதியை மாற்றிவிடலாமே?

பதில்: சரியான கேள்வி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஐந்தாம் பிரிவில் இதற்கு வழி சொல்கிறது: குறிப்பிட்ட விதியை மாற்ற அதைவிடக் கடுமையான நிபந்தனை வேண்டுமென்று கம்பெனி தொடங்கும்போதே எழுதிவிடலாம், பின்னர் சேர்ப்பதானால் உறுப்பினர் அனைவரும் இசைய வேண்டும். எனவே முதல் நாளே எழுதுங்கள்.

நாகலூர் வாசகர்: ஏற்காட்டில் காபித் தோட்டம் விலைக்கு வருகிறது. அதில் வீடுகள் கட்டலாமா?

பதில்: தோட்டமாக இருக்கும்வரைதான் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்கு. ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளும் உண்டு. வடிவத்தைப் பின்னர் யோசிக்கலாம். முதலில் வழக்கறிஞரிடம் நிலத்தின் ஆவணங்களைக் காட்டுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதியலாமா?

பதில்: அது லாப நோக்குள்ள தொழிலுக்கானது.

அஸ்தம்பட்டி வாசகர்: நண்பர்கள் நால்வர் பெயரில் ஒரே பத்திரமாக வாங்க முன்பணம் கொடுத்துவிட்டோம். பரவாயில்லையா?

பதில்: முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள், நால்வரானாலும் சட்டம் அதுவே. கிரயம் பதிவாகுமுன், விலகல் விதியை நால்வரும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.