வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன், பதற்றம் புரிகிறது. மகள் பி.எஸ்சி. வேதியியல் கேட்கிறாள். உங்கள் அண்ணனோ, பத்திரத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர் என்கிறார். வேண்டாம். தவணை கட்டப்போவது அண்ணன் இல்லை. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் நேரம் போனதே தெரியவில்லை என்று எழுதியிருக்கும் பிள்ளையைக் கடன் வாங்கி வேறு பக்கம் தள்ளாதீர்கள்.

வேதியியல் படித்தால் டீச்சர் வேலை, மருந்து கம்பெனி வேலை என்ற வழிகளை எல்லோரும் சொல்வார்கள். வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள், அதைப் பற்றிய ஆய்வை யாரும் சொல்வதில்லை. எண்ணெய் சுத்திகரிப்பிலும் வாகனப் புகைக்குழாயிலும் அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடு வேலை செய்கிறது. அதன் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அங்கே ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில்களுக்கு (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதிகள்) பெரும் பங்கு. பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று கோடுகளாகக் காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில் அவற்றைப் பார்க்கலாம்.

கல்லூரியில் எதையும் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லை போடுவார்கள். இங்கே அது ஆகாது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து, 3400 அலையெண் (ஒரு செ.மீ.யில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, நிறமாலையில் இடம் சொல்லும் அளவு) அருகே பெரிய மேடாக எழுந்து, தேடுவதை மூடிவிடும். ஆக்சைடுத் தூளை மட்டும் சதுர செ.மீ.க்கு 10 முதல் 20 மி.கி. கணக்கில் அழுத்த வேண்டும். தடித்தால் ஒளி புகாது, மெலிந்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே நொறுங்கும். பிறகு வெற்றிடத்தில் மெதுவாக 450 டிகிரி செல்சியஸ் வரை சூடு, அவசரப்பட்டால் விரிசல்தான். 1630-ல் உள்ள கோடு மறைந்தால் ஒட்டியிருந்த தண்ணீர் போயிற்று. அதற்கும் மேல் சூட்டை ஏற்றினால் ஹைட்ராக்சில்களே இரண்டிரண்டாகச் சேர்ந்து நீராகிக் கிளம்பிவிடும்!

சிலிகாவில் (சிலிக்கன் ஆக்சைடு) 3745 அருகே ஊசி போல ஒரே கோடு. அலுமினாவின் ஒரு படிக வகையான காமா அலுமினாவில் 3800-க்குக் கீழே பல கோடுகள். ஒரு ஹைட்ராக்சில் ஓர் அலுமினியத்தோடா, இரண்டோடா, மூன்றோடா பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறும். சந்தேகம் வந்தால் கனநீராவி (ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ள நீரின் ஆவி) விடலாம்: 3745 கோடு 2760 பக்கம் நகரும். நகராத கோடு, ஆவி எட்டாத உள்ளிடத்தில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, எம்.எஸ்சி., பிறகு நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே தேசிய வினையூக்க ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் முனைவர் பட்டம் முடிய இருபத்தெட்டு வயதாகும். அதுவரை கல்யாணப் பேச்சைச் சொந்தக்காரர்கள் எடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

துணைப்பாடத்தில் கணிதத்தை விடச் சொல்லாதீர்கள். சேர்க்கைக்கு முன் கல்லூரி ஆய்வகத்தை நேரில் பாருங்கள். அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி உறை போட்டுப் பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.