வெப்ப இயக்கவியலைத் தவிர்த்துவிட்டு வானியல் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்தில் வளிமண்டல இயற்பியல், வானியல் இரண்டில் ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும். வெப்ப இயக்கவியல் எனக்குப் பிடிபடவே இல்லை. வானியல் எடுத்தால் தப்பிக்கலாமா?

பதில்: முடியாது. வானியலில் அது இன்னும் ஆழமாக வரும். 10,000 கெல்வினை ஒட்டிய வேகா விண்மீனின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் அழுத்தமாக விழுகின்றன. 5,800 கெல்வின் சூரியனில் அவை மெலிந்து காணப்படுகின்றன. இத்தனைக்கும் இரண்டிலும் ஹைட்ரஜன்தான் மிகுதி. அந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் கிளர்வுற்றிருக்கும், எத்தனை அயனியாகியிருக்கும் என்ற கணக்கில்தான் விடை இருக்கிறது. அயனியாக்கத்துக்கான சமன்பாட்டை இந்திய இயற்பியலர் மேகநாத் சாகா 1920இல் தந்தார். வேதிச் சமநிலைக்கு நாம் போடும் அதே கணக்குதான் அது.

பிஸ்டனும் உருளையுமாகவே நடத்தினால் இந்தப் பாடம் யாருக்கும் மனத்தில் ஒட்டாது. சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுங்கும் காற்று சூடாகிறது. மேலேறும் காற்றோ அழுத்தம் குறையக் குறைய விரிந்து குளிர்கிறது. எவ்வளவு குளிரும்? வெப்ப இயக்கவியலின் முதல் விதியையும் (ஆற்றல் அழிவதில்லை) நீர்மநிலைச் சமநிலையையும் (காற்றின் எடையை அழுத்த வேறுபாடு தாங்கி நிற்பது) சேர்த்து எழுதினால் எல்லாம் அடிபட்டுப்போய், புவியீர்ப்பு முடுக்கத்தை மாறா அழுத்தத் தன்வெப்ப ஏற்புத்திறனால் (அழுத்தம் மாறாமல் ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) வகுப்பது மட்டும் மிஞ்சும்: 9.8 / 1004, மீட்டருக்கு ஏறக்குறைய 0.0098 டிகிரி. அதாவது, உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். நான்கே வரிகளில் முடிகிற இந்த வருவித்தலைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். சூரியனின் வெளியடுக்குகள் ஏன் கொதிநீர்போல் மேலும் கீழுமாகப் புரள்கின்றன என்பதற்கு ஜெர்மன் வானியலர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு 1906இல் வகுத்த நிபந்தனையும் இதன்மேல்தான் நிற்கிறது.

என் பரிந்துரை: முதலில் வளிமண்டலம், அடுத்து வானியல். வளிமண்டலத்தில் போட்ட கணக்கை அன்றன்றைக்கே சரிபார்க்கலாம். சென்னை மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூனின் அளவீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நாள் தரவை எடுத்து, உயரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைபடத்தாளில் குறியுங்கள். பக்கத்திலேயே உங்கள் 9.8 கோட்டையும் போடுங்கள். பெரும்பாலான உயரங்களில் அளவீடு அதைவிட மெதுவாகவே குளிரும். நீராவி மேகமாகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வரைபடத்தோடு உங்கள் பேராசிரியரைப் பாருங்கள். சரிவு எங்கெங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.