அணிலின் உண்டியலும் 61 நாட்களும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் காசின் அருமை தெரியட்டும் என்று ஒரு படப் புத்தகம் வாங்கினேன். அதில் ஓர் அணில் வாராவாரம் உண்டியலில் பத்து ரூபாய் போட்டு, கடைசிப் பக்கத்தில் சைக்கிள் வாங்குகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத 61 நாள் தடைக்காலத்தில் படித்துக்காட்டினேன். "அப்பா ஏன் உண்டியலில் போடவே இல்லை?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இந்த வயதில் இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் அணிலுக்கு அந்தப் பத்து ரூபாயை யார் கொடுத்தது? இந்த மாதிரிப் புத்தகங்களில் பணம் குழாய்த் தண்ணீர்போல நேரத்துக்கு வந்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் குழாய்த் தண்ணீரே அப்படி வராது.

உங்கள் மகள் அணிலைவிட அதிகம் பார்த்திருக்கிறாள். கரையில் ஏலம் போவதையும், நெத்திலியைக் கூறு கூறாகக் குவித்து விற்பதையும் பார்த்திருப்பாள். விற்ற பணத்தில் டீசலும் ஐஸும் போக மிஞ்சியதைப் பிரித்து வருவதுதான் பங்கு என்பதைப் பத்துக் கூழாங்கற்களை வைத்துக் காட்டிவிடலாம். ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அப்பாவின் கையில் வைப்பதை அவளே எண்ணட்டும். "கருவாடு விற்ற காசு நாறாது" என்பார்கள். பாம்பனில் மீன் வாங்கி மீதியாக வந்த பத்து ரூபாய் நோட்டு ஒன்றில், கொனாரக் சக்கரத்தின்மேல் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. சட்டைப்பை இரண்டு நாள் நாறியது. காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

அவள் கேட்டதற்கு வருகிறேன். அப்பாவிடமும் உண்டியல் இருக்கிறது, மண்ணால் செய்யாதது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால், அரசின் பங்கு 3,000 சேர்ந்து, மீன்பாடு குறைந்த மாதங்களுக்கு 4,500 ஆகத் திரும்பி வருகிறது. உங்கள் வீட்டில் கட்டுகிறீர்கள் என்றால் ரசீதையும் பாஸ்புக்கையும் எடுத்து அவள் மடியில் வையுங்கள். தடைக்கால நிவாரணம் இதில் சேராது, அது தனி. அதை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்ததே உங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். இரண்டு மாதச் சோற்றுக்கு அது போதாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடனை மறைக்காதீர்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றி நீங்கள் இரவில் தணிந்த குரலில் பேசுவது அவள் காதில் விழாமல் இருக்காது. எவ்வளவு என்று சொல்ல வேண்டாம், இருக்கிறது என்று சொன்னால் போதும். இதையெல்லாம் அவர் வாயால் சொல்வது நல்லது. எழுந்து போனவர் கோபத்தில் போயிருக்க மாட்டார்.

புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், சைக்கிள் ஆசையில் தப்பில்லை. பின்னட்டையின் உள்பக்கம் வெறுமையாக இருந்தால், தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அணில் என்ன செய்தது என்று அவளை வரையச் சொல்லுங்கள். வலைக்கு நீல கிரேயான் வேண்டியிருக்கும்.