குழந்தை மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை அம்மா: பையனுக்கு ஒன்றரை வயசு, 11 கிலோ. ரெண்டு நாளா சளி. ராத்திரி திடீர்னு நாய் குரைக்கிற மாதிரி இருமறான். அழுதா மூச்சு இழுக்கறப்போ கீச்சுனு சத்தம். வீசிங்கா டாக்டர்?

வீசிங் இல்லைம்மா. வீசிங் பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் கேட்கும். இது மூச்சை இழுக்கும்போது தொண்டையில் வருகிறது. இதன் பெயர் குரூப் (croup), காரணம் பெரும்பாலும் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸ். குரல் நாண்களுக்குக் கீழே குருத்தெலும்பு முழு வளையமாக இருப்பதால் வீக்கம் வெளியே தள்ள முடியாது, உள்ளேதான் அடைக்கும். 4 மி.மீ. குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினாலே வழி கால்பங்காகிவிடும். அழுதால் இன்னும் ஒடுங்கும். முதலில் மடியில் உட்கார வைத்து அழுகையை நிறுத்துங்கள்.

அழும்போது மட்டும் சத்தம் என்றால் லேசானது. ஆனாலும் இன்றே காட்டுங்கள். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு 0.15 முதல் 0.6 மி.கி. வரை, ஒரே வேளை, வாய்வழியாகத் தருவார்கள். ஓரிரு மணி நேரத்தில் வீக்கம் குறையத் தொடங்கும். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் தேவையில்லை.

சும்மா இருக்கும்போதும் சத்தம் கேட்டாலோ, விலா நடுவே குழி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள், அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தரும் அட்ரினலின் நெபுலைசேஷன் (மருந்தை நுண்துளியாக்கி மாஸ்க் வழியாகச் சுவாசிக்க வைப்பது) அரை மணிக்குள் கேட்கும். ஆனால் 2 மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். அதனால் 'சரியாயிடுச்சு' என்று உடனே கிளம்பாதீர்கள், 2 முதல் 4 மணி நேரம் அங்கேயே இருங்கள். குழந்தை சோர்ந்து சத்தம் அடங்கினால் அது குணமல்ல, ஆபத்து.

ராயபுரம் பாட்டி: ஆவி புடிக்கலாமாப்பா?

வேண்டாம் பாட்டிம்மா. குரூப் வீக்கத்துக்கு ஆவியால் பலன் கிடையாது; கொதிக்கிற பாத்திரம் சாய்ந்து வெந்துபோவதுதான் நடக்கும். கற்பூரத் தைலமும் 2 வயதுக்குள் கூடாது, வலிப்பு வரலாம்.

மணலி அப்பா: கம்பெனிப் புகையாலதான் வருதா?

காரணம் வைரஸ்தான். ஆனால் புகை எரிச்சலைக் கூட்டும். குளிர்ந்த இரவுக் காற்று இதமாக இருக்கும் என்பார்கள். ஆனாலும் வெளியே கேஸ் வாடை அடிக்கும் இரவில் ஜன்னலை மூடியே வையுங்கள். கொசுவர்த்தி, சிகரெட் இரண்டும் வீட்டுக்குள் வேண்டாம்.

வியாசர்பாடி அம்மா: பொண்ணுக்கு 4 வயசு. மூணு நாளா இதே இருமல், இப்போ 104 டிகிரி காய்ச்சல், நெபுலைசர் வெச்சும் கேக்கல.

உடனே கிளம்புங்கள். வைரஸ் புண்ணாக்கிய மூச்சுக்குழாயில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா சீழ் படியவைத்திருக்கலாம். நரம்பு வழி ஆன்டிபயாடிக், பல நேரம் மூச்சுக்குழாய்க்குள் டியூபும் தேவைப்படும். எச்சில் வழிய, முன்னால் குனிந்து, அவ்வளவாக இருமாமல் இருந்தால் அது வேறு நோய்: குரல்வளையின் மேலுள்ள மூடி (எபிகிளாட்டிஸ்) வீங்கியிருக்கலாம். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள், படுக்க வைக்காதீர்கள். மூச்சு மொத்தமாக அடைத்துவிடும். இந்த இரண்டாவது நோய் இப்போது அபூர்வம். அதற்குக் காரணமான ஹிப் பாக்டீரியாவை, 6, 10, 14 வாரங்களில் போடும் பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்த் தடுப்பு) ஊசி தடுப்பதுதான் காரணம்.

திருவொற்றியூர் அம்மா: சளி குறையுது, ஆனா 10 கிலோ பாப்பா ராத்திரியெல்லாம் காதைப் புடிச்சிட்டு அழறா. எண்ணெய் விடலாமா?

எதுவும் விடாதீர்கள்; செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே போய்விடும். சளி நடுக்காதில் தேங்கியிருக்கும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 150 மி.கி.: 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி., 250 மி.கி. சிரப் என்றால் 3 மி.லி. ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். பாட்டில் மாறினால் டோஸ் இரட்டிப்பாகும், லேபிளைப் படியுங்கள். காதில் சீழ் வந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினாலோ அன்றே காட்டுங்கள்.