அகலத்திரை டிவிடி காட்சி எடிட்டிங் மென்பொருளில் ஒல்லியாகத் தெரிவது ஏன்?

டிவிடி பிளேயரில் திரை முழுக்கச் சரியாக ஓடும் காட்சி, எடிட்டிங் மென்பொருளுக்குள் வந்ததும் இரு பக்கமும் நெருக்கியதுபோல் ஆகிவிடுகிறது, கையால் இழுத்து அகலப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். உங்கள் காட்சி கெட்டுப்போகவில்லை. அதை எந்த வடிவத்தில் காட்ட வேண்டும் என்ற தகவல்தான் மென்பொருளுக்குப் போய்ச் சேரவில்லை.

டிவிடியில் அகலத்திரைக்கென்று தனி அளவு கிடையாது. இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் 720 × 576 பிக்சல். அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720 × 480. பழைய 4:3 படமும் இந்தக் கட்டத்துக்குள்தான், 16:9 படமும் இதற்குள்தான். அகலமான படத்தைப் பக்கவாட்டில் அமுக்கி இதற்குள் பதிந்துவிட்டு, காட்டும்போது 16:9 ஆக விரிக்கச் சொல்லும் ஒரு சின்னக் குறிப்பை எம்பெக்-2 எனப்படும் காணொளித் தரவிலும், டிவிடியின் விவரங்களை வைத்திருக்கும் ஐஎஃப்ஓ கோப்பிலும் சேர்த்துவிடுகிறார்கள். பிளேயர் அதைப் படித்து விரிக்கிறது. நடுவில் வேறு வடிவக் கோப்பாக மாற்றும்போது இந்தக் குறிப்பு பல நேரம் தொலைந்துபோகிறது. சில மென்பொருள்கள் குறிப்பு இருந்தாலும் கண்டுகொள்வதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, பிக்சலின் வடிவத்தை, அதாவது அதன் அகலம் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை, மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பிரீமியர் புரோவில் ‘இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்’, டாவின்சி ரிசால்வில் ‘கிளிப் அட்ரிபியூட்ஸ்’, ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் கிளிப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’. அங்கே பால் அகலத்திரை அல்லது என்டிஎஸ்சி அகலத்திரை என்று தேர்ந்தெடுங்கள். விகிதம் கேட்டால் 16:9 கொடுங்கள். டைம்லைனில் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து வெட்டும் ஒவ்வொரு துண்டும் சரியாகவே வரும். கையால் இழுத்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இழுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் படத்தின் நடுவில் முகம் சட்டென்று சுருங்கும். நம் வீட்டு மனிதர்களின் முகத்துக்கு அப்படி ஒரு கதி வரக் கூடாது.

பால் அகலத்திரைக்கு இந்தப் பிக்சல் விகிதத்தை ஒரு மென்பொருள் 1.42 என்றும் இன்னொன்று 1.46 என்றும் காட்டினால் பதற வேண்டாம். 720 பிக்சலையும் படமாகக் கணக்கிடுவது ஒரு வழி. ஓரத்தில் சில பிக்சல்களை விட்டுவிட்டுக் கணக்கிடுவது இன்னொரு வழி. வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது.

சரியாக வந்ததா என்று பார்க்க நான் எப்போதும் காட்சியில் ஒரு வட்டத்தைத் தேடுவேன். சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் ஒரு ஃபிரேமில் நிறுத்தி, முன்னோட்டத் திரையில் அளந்து பாருங்கள். உயரம் 200 பிக்சல் இருக்கும்போது அகலம் 150 அளவில் இருந்தால், 16:9 படத்தை மென்பொருள் 4:3 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பால் பதிவில் 140 அளவில் இருந்தால் பிக்சலைச் சதுரமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் வேலை முடிந்தது. முகத்தை நம்பாதீர்கள், ஒல்லியான முகம் பத்து நிமிடத்தில் பழகிவிடும், கடிகாரம் பழகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில டிவிடிகளில் அகலப் படத்தை அமுக்காமல், 4:3 கட்டத்துக்குள்ளேயே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்துப் பதிந்திருப்பார்கள். பால் என்றால் 576 வரிகளில் நடுவே சுமார் 432 வரிகள்தான் படம். இதற்கு 16:9 என்று சொன்னால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். 4:3 என்றே வைத்து, 16:9 டைம்லைனில் அகலம் நிரம்பும் வரை பெரிதாக்குங்கள். பட்டைகள் தானாக வெளியே போய்விடும்.

கோப்பை உள்ளே கொண்டுவருவது பற்றி: டிவிடியில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்புகளை நேராக இழுத்துப் போட்டால் ஒலி வராமல் போகலாம், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் தடுமாறலாம். டிவிடி ஒரே பதிவை ஒரு ஜிபி அளவுத் துண்டுகளாகத்தான் வைத்திருக்கிறது. மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு முழுப் பதிவையும் ஒரே எம்கேவி கோப்பாக எடுங்கள். அது மறுபடி சுருக்குவதில்லை, தரம் அப்படியே இருக்கும், 16:9 குறிப்பும் கூடவே வரும். உங்கள் மென்பொருள் எம்கேவியை ஏற்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் மூலம் எம்ஓவி உறைக்கு, அதாவது எம்ஓவி கோப்பு வடிவத்துக்கு, மாற்றலாம். அப்போதும் படத்தை மறுபடி சுருக்காமல் நகலெடுக்கும் தேர்வையே கொடுங்கள்.

வீடியோ கேமராவில் எடுத்த பழைய பதிவு என்றால் அநேகமாக இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறிமாறிப் பதியும் முறையில், இருக்கும். கையசைவின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடு தெரிந்தால் அதுதான். பெரிதாக்குவதற்கு முன்பே டீஇன்டர்லேஸ் செய்துவிடுங்கள், அதாவது அந்த வரிகளை முழு ஃபிரேம்களாக மாற்றிவிடுங்கள். பெரிதாக்கியபின் அந்தக் கோடுகள் படத்தோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. பால் பதிவை விநாடிக்கு 25 ஃபிரேமாகச் செய்யாமல் 50 ஆகச் செய்தால் அசைவு பழைய வழவழப்போடு கிடைக்கும்.

இறுதியாக ஏற்றுமதி செய்யும்போது சதுரப் பிக்சலில் 1024 × 576 போதும். 1920 × 1080 கொடுத்தால் விவரம் கூடாது, கோப்புதான் பெருக்கும். ஆனாலும் இணையத்தில் பதிவேற்றுவதாக இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன், தளங்கள் சிறிய அளவுக் காணொளியை மிகவும் கடுமையாகச் சுருக்கிவிடுகின்றன.