பி.இ. முடித்தவன், சமயங்களைப் பற்றி எம்.ஏ. படிக்கலாமா? ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்கிறார்களே?

படிக்கலாம். ஆனால் "சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆன்மிகத்தில் நாட்டம்" என்று நோக்கக் கடிதத்தை ஆரம்பித்தால் பாதி வாய்ப்பு அங்கேயே போச்சு. அது இறையியலுக்குப் பொருந்தும். நீங்கள் கேட்பது சமயவியல். கடவுள் உண்டா என்று இந்தத் துறை கேட்காது. உண்டு என்று நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள், யார் செலவில் செய்கிறார்கள் என்று கேட்கும். பக்தர்கள் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். திருநீறு பூசிக்கொண்டே வகுப்புக்குப் போகலாம். கட்டுரையில் அது ஆதாரமாகாது, அவ்வளவுதான்.

கட்டணம் இல்லை என்பது அரை உண்மை. ஹைடல்பெர்க், டூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மற்ற பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே மொத்தமாகப் போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதற்கு முன்னால் உங்கள் இந்தியப் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், 18,000 ரூபாய்.

பணத்தை விடப் பெரிய சுவர் மொழி. அங்கே சமயவியல் முதுகலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஜெர்மன் மொழித் தேர்வுகளான டி.எஸ்.எச்.சில் 2-ஆம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃபில் நான்கு பகுதியிலும் 4-ஆம் நிலை கேட்பார்கள். அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் ஒன்றரை வருடமாவது ஆகும். அடுத்தது உங்கள் பி.இ. இளங்கலையில் சமயவியலோ அதற்கு நெருங்கிய பாடமோ இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று பல துறைகள் விதி வைத்திருக்கின்றன. வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஊனி-அசிஸ்ட் அமைப்புக்கு 75 யூரோ கட்டுவதற்கு முன் மதிப்பெண் பட்டியலை இணைத்துத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜெர்மன் வேண்டாம் என்றால் நெதர்லாந்தில் கிரோனிங்கன் பல்கலைக்கழகம், லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழகம். ஆங்கிலத்திலேயே படிக்கலாம், செலவு கூடும்.

விண்ணப்பத்திலும் ஆய்வேட்டிலும் நம்மவர்கள் சறுக்குவது தலைப்பில். "இந்து சமயமும் கிறித்தவமும்: ஓர் ஒப்பீடு" என்று எழுதினால் யாரும் மேற்பார்வைக்கு வரமாட்டார்கள். வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள். "இது இந்துத் தாக்கம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் ஆய்வு செத்தது. மொட்டை போட்டவரிடம் "உங்க மதம் என்ன?" என்றால் சாதிச் சான்றிதழில் இருப்பதைச் சொல்வார். "யாருக்கு நேர்ந்துக்கிட்டீங்க, எதுக்கு?" என்று கேளுங்கள், பிள்ளை வரம், கடன், குலதெய்வம், மாதா எல்லாம் ஒரே மூச்சில் வரும். "நேர்ந்துகொள்வது" என்ற அந்தச் சொல்லை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். முதுகலைக்கு 15 பேட்டி போதும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் போகும். இதைக் கணக்கில் எடுக்காமல் 40 பேரிடம் பேசிவிட்டுக் கடைசி மாதத்தில் முழிப்பவர்கள்தான் அதிகம். பேசுவதற்கு முன்பே ஒப்புதல் வாங்குங்கள், பிறகு ஊருக்குத் திரும்பிப்போய்க் கையெழுத்து கேட்க முடியாது.

இந்தியாவிலேயே என்றால் பட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறை இருக்கிறது, நாளந்தாவில் பௌத்தத்தோடு ஒப்பீட்டுச் சமயம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம், இஸ்லாம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறை. ஐந்து வீடு கட்டியவர்கள் நடுவில் ஒரு திண்ணை போடவில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். இத்தனை கோயிலும் தர்காவும் தேவாலயமும் இருக்கிற ஊர், அவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கப் பிள்ளைகள் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

வேலை? கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஒப்பீட்டுச் சமய ஆய்வு தனிப் பாடமாகவே உண்டு. ஆனால் அந்தப் பெயரில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இடம் விளம்பரமாவது அபூர்வம். வரலாறு, மெய்யியல், மானிடவியல் துறைகளுக்கும் தகுதி கிடைக்கிற மாதிரி பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பி.இ. சான்றிதழைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.